மூன்றடிப் பெட்டி

படகில் ஏறாமலிருக்க ஜெயசீலி நான்கு காரணங்கள் சொல்லியிருந்தாள். இரண்டு வருடத்தில் இன்பசேகரன் மூன்றைத் தீர்த்திருந்தான்.

வெயில் என்றாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கொசுவலைக் கம்பிகளை வளைத்துப் படகின் இரு பக்கமும் பொருத்தி, மேலே கித்தான் கட்டினான். சாய்ந்து உட்கார முடியாது, முதுகு வலிக்கும் என்றாள். உடைந்த சக்கர நாற்காலியின் பிரம்பு முதுகைக் கழற்றிப் பின்பலகையில் திருகாணி போட்டு முடுக்கினான். அடியில் தேங்கும் தண்ணீரில் புடவை நனையும் என்றாள். எக்ஸ்ரே ஃபிலிம் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, இடைவெளி விட்டுச் சட்டங்களை ஆணியடித்து, கால் வைக்கத் தளம் போட்டான்.

நான்காவது சாப்பாடு.

"காலையில கட்டிக்கினு போன சோறு மதியானம் இன்னாவா இருக்கும்?" என்றாள். "பதினோரு மணிக்கெல்லாம் புளிச்சிப் பூடும். கெட்டுப்போனத துன்ன என்னால ஆவாது."

"துன்னாம இருந்துட்டு வரலாம்."

"நாள் பூரா பட்டினி கெடக்கறதுக்கு எதுக்குப் படகு? வீட்லயே கெடக்கலாம்."

படகு பதினான்கு அடி நீளம். புத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பொழுதுபோக்குக்காக வைத்திருந்தது. சனிக்கிழமைகளில் பிச்சாட்டூர் அணைக்குப் போய்த் துடுப்புப் போடுவார். மீன் பிடிக்க மாட்டார். அக்கரைக்கும் போக மாட்டார். நடுவரை போய், துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, சும்மா இருந்து திரும்புவார். 1976-ல் தன் நாட்டுக்குத் திரும்பும்போது படகை இன்பசேகரனிடம் கொடுத்தார். வருடா வருடம் அதன் விரிசல்களில் பஞ்சும் தாரும் அடைத்தவன் அவன்தான்.

ஜெயசீலி அந்தப் படகில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறாள். 1968 மே மாதம். டாக்டரம்மா அவர்களைக் கூப்பிட்டிருந்தார். மடியில் ஆசீர் இருந்தான். இரண்டரை வயது. அன்று மாலை அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான்காம் நாள் இறந்துபோனான்.

பிறகு குழந்தை பிறக்கவில்லை. ஆசீரைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

துடுப்புப் போடுகிறவன் படகின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். பின்பலகையில் உட்காருகிறவர் அவனுக்கு எதிரில் இருப்பார். சனிக்கிழமைகளில் இன்பசேகரன் தனியாகப் போனான். கித்தானின் நிழல் விழும் பலகை, பிரம்பு முதுகு, உலர்ந்த தளம் எல்லாம் எதிரில் இருந்தன. அவள் ஒரு நாள் அங்கே உட்கார வேண்டும். ஒரு நாள் முழுக்க. அவனுக்கு வேண்டியது அதுதான்.

சாப்பாட்டைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

அவன் ஆஸ்பத்திரியின் ஸ்டோர்கீப்பர். குளிர்ச்சியோடு பழக்கம் உள்ளவன். ஸ்டோரில் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அடியில் திரி எரியும், மேலே ஐஸ் உறையும். தினமும் காலையில் திரியை வெட்டிச் சுடர் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அதில் தடுப்பு மருந்தும் ரத்தப் பாட்டில்களும் இருக்கும். சாப்பாடு வைக்கக் கூடாது என்பது விதி. அவன் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைத்ததில்லை.

தடுப்பு மருந்து தெர்மகோல் பெட்டிகளில் வரும். ஏழெட்டு மாதமாகத் தெர்மகோலைத் தூக்கிப் போடாமல் சேர்த்தான். நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டான். வெளியே மரம், நடுவில் தெர்மகோலும் உமியும், உள்ளே துத்தநாகத் தகடு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. பெட்டியைப் படகின் நடுவில், தனக்கும் அவளுக்கும் இடையில் வைக்க வேண்டியிருக்கும். படகின் முன்முனையில், மூக்கில் வைக்கலாம் என்றால் அங்கே அது குறுகிப்போகிறது. சதுரப் பெட்டி உட்காராது. இந்த அளவுகளை எல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது ஜெயசீலியிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றினாள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், தச்சு வேலை செய்யும் இயேசுதாசனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து சீட்டு எழுதினான்.

"இயேசுதாசன் அண்ணனுக்கு. பெட்டி ஒன்று. மூன்று அடி. உள்ளே ஜிங்க் தகடு அடிக்கவும். ஐஸ் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குக் கொண்டுவரவும்."

கையெழுத்துப் போட்டான். பழக்கத்தில் ஸ்டோர் முத்திரையும் வைத்தான்.

ஆஸ்பத்திரியில் யாராவது இறந்து, வீட்டாருக்கு வழியில்லை என்றால், சவப்பெட்டிக்குச் சீட்டு எழுதுகிறவனும் ஸ்டோர்கீப்பர்தான். இருபது வருடமாக அந்த முத்திரையோடு இயேசுதாசனுக்குப் போன சீட்டுகள் எல்லாம் அந்த ஒரு வகைதான். சபையில் பெட்டி என்றால் யாருக்கும் வேறு அர்த்தமும் கிடையாது. இன்பசேகரனுக்கு அது தோன்றவில்லை. ஏழெட்டு மாதமாக அவன் தலையில் இருந்த பெட்டி வேறு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்குச் சர்ச்சில் மணி அடித்தது. ஒன்று. நிறுத்தி, ஒன்று. பெரியவர்களுக்கு அடிப்பது பெரிய மணி. இது சின்ன மணி.

இன்பசேகரன் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தைகள் வார்டுக்குப் போனான். தலைமை நர்ஸ் தபீதாள் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தபீதாள்?"

"இங்க யாரும் இல்லண்ணே. எல்லாம் நல்லா அழுதுக்கினு இருக்குதுங்க. வெளியில யாராவது இருக்கும்."

சாப்பிட வீட்டுக்கு நடந்தான். வழியில் இரண்டு பெண்கள் அவனைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி "ஆண்டவர் தேத்துவாருண்ணே" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை.

வீட்டு வாசலில் இயேசுதாசனின் சைக்கிள் நின்றது. இயேசுதாசன் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாட்டுப் புத்தகம். பக்கத்தில் பெட்டி.

தலைப் பக்கத்திலிருந்து தோள் வரை அகன்று, கால் பக்கம் குறுகும் பெட்டி. மூன்று அடி. மூடியில் மெல்லிய மரச்சட்டத்தில் சிலுவை. மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே துத்தநாகத் தகடு, அதன் மேல் நான்கு பக்கமும் மடித்துத் தைத்த வெள்ளைத் துணி.

ஜெயசீலி கதவு நிலையில் கை வைத்து நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். தோளில் பை இருந்தது. சாக்பீஸ் தூள் கையில் இருந்தது.

"அண்ணே," என்றான் இன்பசேகரன்.

இயேசுதாசன் எழுந்து அவன் கையைப் பிடித்தார். "யாருன்னு கேக்கறது என் வழக்கமில்ல தம்பி. உனக்குத் தெரியும். சீட்டு வந்திச்சி, செஞ்சேன். வீட்டுக்குன்னு எழுதியிருந்த. அதான் மனசு கேக்கல. உறவுல யாராவதா?"

"அண்ணே, இது ஐஸ் வைக்கறதுக்கு."

"ஆமா. எழுதியிருந்த. தூரத்துல இருந்து யாரோ வரணும், அதுவரைக்கும் தாங்கணும்னு ஜிங்க்க ரெண்டு மடிப்பா மடிச்சிப் பத்த வெச்சிருக்கேன். ஒரு சொட்டு ஒழுகாது."

"சாப்பாடு வைக்கறதுக்கு அண்ணே. தயிர் சாதம். படகுல."

இயேசுதாசன் பிடித்த கையை விடவில்லை. அவனையே பார்த்தார்.

"யாரும் சாவலியா?"

"யாரும் சாவல."

"தயிர் சாதத்துக்கா?"

"ஆமா."

"சாப்பாட்டுப் பெட்டின்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா தம்பி? எழுத்துக்கு எழுத்து சம்பளம் புடிக்கிறாங்களா உனக்கு?" அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ரெண்டு நாளா அழுதுக்கினே இழைச்சேன்."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"அதுவும் இதுக்குத்தானா?" என்றான் இன்பசேகரன்.

"வர்ற வழியில சர்ச்சுல மணியடிக்கிற ஞானமணி பாத்தான். சின்னப் பெட்டி எங்கன்னான். ஸ்டோர் வீட்டுக்குன்னேன். அவனுக்குப் பேர்லயே மணி. கயித்தப் புடிச்சா விடமாட்டான்."

இன்பசேகரன் ஜெயசீலியைப் பார்த்தான். அவள் இன்னும் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கினு போயிடுங்க அண்ணே," என்றான். "தப்பு என்னுது. ஆஸ்பத்திரிக்கு என்னிக்காவது தேவைப்படும். நான் வேற வழி பாத்துக்கறேன்."

இயேசுதாசன் மூடியை மூடினார். கயிற்றை எடுத்தார்.

ஜெயசீலி பையைக் கீழே வைத்தாள். படி இறங்கி வந்து பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். சாக்பீஸ் கோடு விழுந்தது.

"இன்னா மரம்ணே?"

"மாமரம்மா. பங்காருபாளையத்துல தோப்பு அழிச்சப்ப வாங்கினது. சின்னதுங்களுக்குன்னு தனியா காய வெச்சிருப்பேன். கனம் இருக்கக் கூடாது பாரு."

"ஆசீருக்கும் இதே அளவா?"

இன்பசேகரன் அந்தப் பெயரைப் பதினோரு வருடத்துக்குப் பிறகு கேட்டான். அவள் குரலில் அது எப்படி ஒலிக்கும் என்பது மறந்துபோயிருந்தது.

"அதே அளவுதாம்மா," என்றார் இயேசுதாசன். "மூணடின்னா எனக்கு வேற அளவு தெரியாது."

அவள் குறுகிய பக்கத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண், கொஞ்சம் கூட. அகன்ற பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது மூக்குல உக்காரும்," என்றாள்.

"இன்னா?"

"படகு மூக்குல. கால் பக்கம் முன்னால போவட்டும். ரெண்டு வருஷமா அந்த மூக்கோட அளவு என் தட்டுல சோறோட சோறா விழுந்துக்கினு இருக்குது. எனக்குத் தெரியாதா? நீங்க சொன்ன சதுரப் பெட்டிதான் உக்காராது. இது உக்காரும்."

இன்பசேகரன் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தான். டேப்பை வைத்து அளந்தான். நோட்டில் படகின் மூக்கு முன்பக்கம் பத்து அங்குலம், பின்பக்கம் இருபத்திரண்டு. பெட்டியின் கால் ஒன்பது, தோள் இருபது.

"உக்காரும்," என்றான்.

"அப்ப இருக்கட்டும்."

"சீலி, இது வேணாம்."

"இவ்ளோ நல்லா செஞ்சிக் குடுத்திருக்காரு. எதுக்குத் திருப்பி அனுப்பறது?" அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா அப்பிடியே வெச்சா ஆவாது. ஜிங்க்குக்கும் மரத்துக்கும் நடுவுல ஒண்ணுமில்ல. நீங்க போட்ட படத்துல உமி இருந்திச்சில்ல?"

அப்போது தெருமுனையிலிருந்து ஞானமணி வேகமாக நடந்து வந்தான். மணியடித்த கை சிவந்திருந்தது. தூரத்திலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அடக்கம் எத்தினி மணிக்குன்னு பாஸ்டர் ஐயா கேக்கறாரு."

இயேசுதாசன் திரும்பினார். "ஒரு மணிக்கு. வயித்துல."

ஞானமணி விழித்தான். ஜெயசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இன்பசேகரன் அருகில் போனான். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழவும் செய்தாள். இரண்டும் கொஞ்ச நேரம் இருந்தன.

அன்று மாலைக்குள் மூவரும் பெட்டியை மாற்றினார்கள்.

இயேசுதாசன் தகட்டைக் கழற்றினார். இன்பசேகரன் தெர்மகோலை வெட்டிச் சுற்றிலும் அடுக்கினான். ஜெயசீலி உமியைக் கையில் அள்ளி முகர்ந்து, ஈரம் இருக்கிறது என்றாள். ஈர உமி சூட்டைக் கடத்தும் என்று அவன் சொன்னான். அவள் இரும்புச் சட்டியைப் போட்டு வறுத்தாள். பெட்டியில் இருந்த வெள்ளைத் துணியைப் பிரித்துச் சிறு பைகளாகத் தைத்து, வறுத்த உமியை அவற்றில் அடைத்தாள். சந்துகளில் பைகள் போயின. பிறகு தகட்டைச் சின்னதாக வெட்டி மறுபடி பற்ற வைத்தார்கள்.

அடியில் ஓட்டை போட்டுச் சைக்கிள் டியூபைச் செருகினான். டியூபைக் கீழே வளைத்து, மேலே தூக்கிக் கட்டினான். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உருகிய தண்ணீர் வெளியே வரும், வெளிச் சூடு உள்ளே போகாது.

கடைசியில் இயேசுதாசன் உளியை எடுத்து மூடியின் மேல் வைத்தார். சிலுவைச் சட்டம். ஜெயசீலியைப் பார்த்தார்.

"எடுத்துடுங்க அண்ணே. ஆனா தூக்கிப் போடாதீங்க."

அவர் இரண்டு சட்டங்களையும் உடையாமல் நெம்பி எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பெட்டியின் உட்பக்கம், ஐஸ் மட்டத்துக்கு மேலே, எதிரெதிராக அவற்றை வைத்து அடித்தார். சாப்பாட்டுத் தட்டு அவற்றின் மேல் உட்காரும். உருகிய தண்ணீர் சாப்பாட்டைத் தொடாது.

"இப்ப சாப்பாட்டுப் பெட்டி," என்றார்.

மறுநாள் படகுக்குப் போகலாம் என்று இன்பசேகரன் நினைத்திருந்தான். ஜெயசீலி மாட்டேன் என்றாள்.

"மொதல்ல இங்க வெயில்ல வெச்சிப் பாக்கணும். ஒரு நாள் முழுக்க. பால் வெச்சி."

"தயிர் சாதம் வெச்சிப் பாக்கலாமே. பால் சீக்கிரம் கெடும்."

"அதான் பால்."

சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனான். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஐஸ் ஃபாக்டரியில் பதினைந்து கிலோக் கட்டி வாங்கி, கோணியில் உமியோடு சுற்றிக்கொண்டான். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ரங்கையா தடுத்தார்.

"இதி ஏமி சார்? நீள்ளு காருதுன்னாயி." தண்ணீர் ஒழுகுகிறதே, என்ன இது என்றார்.

"ஐஸ்."

"ஐஸா? பெள்ளியா?" கல்யாணமா என்று கேட்டார்.

"இல்ல. வீட்ல ஒய்ஃபுக்கு."

ரங்கையா அவனை மேலும் கீழும் பார்த்தார். "மொத்தம் ஒக்கரே திண்டாரா?" ஒருத்தரே எல்லாம் தின்பாரா என்று கேட்டுவிட்டு, கோணியை டிரைவருக்குப் பக்கத்தில் நிழலில் வைக்கச் சொன்னார்.

வீடு சேரும்போது பதின்மூன்று கிலோ இருந்தது. எட்டு மணிக்கு முற்றத்து வெயிலில் பெட்டியை வைத்தார்கள். ஜெயசீலி கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் ஊற்றி உள்ளே வைத்தாள். மூடியை மூடினான்.

ஒன்பது மணிக்கு அவள் முற்றத்துக்குப் போனாள்.

"தொறக்காத," என்றான்.

"பாத்துட்டு மூடிடறேன்."

"தொறந்தா சூடு உள்ள போயிடும். ஒரு தபா தொறந்தா அரை மணி நேரக் குளிர்ச்சி போச்சி. மூடியே இருந்தாதான் இருக்கும்."

"உள்ள இன்னா ஆவுதுன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. சாயங்காலம் தெரியும்."

அவள் திரும்பி வந்தாள். பத்து மணிக்குப் போய்ப் பக்கத்தில் நின்றாள். மூடியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். மரம் சுட்டது. பதினோரு மணிக்குக் காதை வைத்துக் கேட்டாள். பன்னிரண்டு மணிக்கு முக்காலியைக் கொண்டுபோய், முந்தானையைத் தலையில் போட்டு, பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்பசேகரன் குடையை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்றான். டியூபின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கீழே வைத்த குவளையை அவள் இரண்டு முறை மாற்றினாள்.

நான்கு மணிக்கு மூடியைத் திறந்தான். புகை போலக் குளிர் எழுந்தது. ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது. தூக்கின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

"தொட்டுப் பாரு," என்றான்.

அவள் தொட்டாள். தூக்கை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். தொட்டுப் பார்த்து நம்புகிறவள் இல்லை. பால் கெட்டதா இல்லையா என்று அடுப்புத்தான் சொல்லும். கெட்ட பால் காயும்போது திரியும்.

அவன் வாசற்படியில் நின்றான். அவள் அடுப்பின் முன் நின்று பாத்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்தன. ஆடை கட்டியது. பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. அவள் இறக்கவில்லை. பால் வழிந்து அடுப்பில் விழுந்தது. வழிந்த பாலும் திரியாமல் வழவழவென்று இருந்தது.

அவள் பாத்திரத்தை இறக்கினாள்.

"திரியல," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள்.

விடியற்காலையே அவன் திருப்பதி போய் ஐஸ் வாங்கி வந்துவிட்டான். பெட்டியோடு பிச்சாட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஒன்பது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் கிருஷ்ணப்பா பெட்டியைக் கரைவரை தூக்க உதவினார். அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். "ஃபிரிட்ஜ்," என்றான் இன்பசேகரன். கிருஷ்ணப்பா அதற்கு மேல் கேட்கவில்லை.

கால் பக்கம் முன்னால் போகப் பெட்டியை மூக்கில் இறக்கினான். பக்கத்துக்கு ஒரு விரல் அளவு இடம் விட்டு உட்கார்ந்தது. தனியாகப் போகும்போது படகு சமமாக இருக்கும். யாராவது பின்பலகையில் உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கும். டாக்டரம்மா முன்னால் ஒரு கல்லை வைப்பார். இப்போது ஜெயசீலி பின்னால் உட்கார்ந்தாள். மூக்கு தூக்கவில்லை.

"பாத்தியா? ஐஸும் நீயும் சமம்."

"நான் அவ்ளோ கனமா?"

"நீ கொஞ்சம் கூட."

அவள் பிரம்பில் சாய்ந்தாள். காலைத் தளத்தில் வைத்தாள். மேலே கித்தானைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. கரை விலகியபோது பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் துடுப்பை மெதுவாகப் போட்டான்.

காலை முழுக்க அணையைச் சுற்றினார்கள். நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காய்ந்தன. மலை தண்ணீரில் தலைகீழாக நின்றது. பதினோரு மணிக்கு அவள் கையைப் பலகையிலிருந்து எடுத்தாள். ஒரு மணிக்கு நடுவில் துடுப்பை உள்ளே இழுத்து வைத்தான்.

திரும்பி மூடியைத் திறந்து அடுக்குப் பாத்திரத்தை எடுத்தான். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்துத் தான் தின்றாள். மென்று, விழுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவனுக்குக் கொடுத்தாள்.

"அன்னிக்கு இந்தப் படகுல நான் பால ருசி பாக்கல," என்றாள்.

அவன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

"நிழல்ல வைங்கன்னு பாட்டில எங்கிட்ட குடுத்த," என்றான். "நான் மூக்குப் பலகை மேல வெச்சேன். வெயில்ல. டாக்டரம்மா பேசிக்கினு இருந்தாங்க. மறந்துட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கையில வாங்கும்போதே பாட்டில் சுட்டுது. அவன் அழுதான். கரைக்குப் போயி வேற பால் காய்ச்சிக் குடுக்கலாம்னு நெனச்சேன். ரொம்ப அழுதான். குடுத்துட்டேன்."

அவன் துடுப்புப் பிடியைப் பார்த்தான். அங்கே தான் சுற்றிய துணி பிரிந்திருந்தது.

"நீ என் மேலதான் தப்புன்னு நெனைக்கறதா நெனச்சேன்," என்றான். "நான்தான் வெயில்ல வெச்சேன்னு."

"நான் குடுத்தேன்னு நீங்க நெனைக்கறீங்கன்னு இருந்தேன்."

படகு தானாக மெல்லத் திரும்பியது. நிழல் அவள் மடியிலிருந்து காலுக்கு நகர்ந்தது.

"டாக்டரம்மா தண்ணியாலன்னுதான் சொன்னாங்க," என்றான்.

"சொன்னாங்க."

"அந்த வாரம் வார்டுல இன்னும் நாலு பேருக்கு இருந்திச்சி."

"தெரியும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிடுங்க. சூடாயிடும்."

அவன் சாப்பிட்டான். சோறு பல்லில் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. புளிக்கவில்லை. தொட்டுக்கொண்ட மாங்காயில் உப்பு கொஞ்சம் கூட. அவள் மிச்சத்தை வாங்கிச் சாப்பிட்டாள். பாத்திரத்தைத் தண்ணீரில் அலசினாள். பிரம்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் தூங்கினாள். அவன் அசையாமல் இருந்தான்.

வெயில் சாய்ந்ததும் கரைக்கு வந்தார்கள். பெட்டியை இறக்குமுன் தண்ணீரை வடிக்க மூடியைத் திறந்தான். அடியில் கை அளவு ஐஸ் கிடந்தது. ஓரங்கள் உருண்டு, கண்ணாடி போல இருந்தது.

ஜெயசீலி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதை எடுத்தாள். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டாள்.

"ஆசீர் இருந்தா இத வாயில போட்டுக்கினு இருப்பான்," என்றாள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு."

"ஆமா. ரெண்டு கையாலயும்."

அவள் ஐஸைத் தண்ணீரில் விட்டாள். அது மிதந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது படகின் பக்கம் போய், மூக்கில் முட்டி, விலகி, தண்ணீரிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாததானது.

"அடுத்த வாரம் பால் கொண்டாரலாம்," என்றாள். "சின்ன அடுப்பு ஒண்ணு வைக்க இடம் இருக்குமா?"

அவன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான்.